தொழுவத்தில் நிற்கும் அம்பாசடர்: நாமே செய்த கருவிகளை வைத்து எஞ்சினை முழுதாகக் கட்டும் வழி

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு, வள்ளியூர் என்று திருநெல்வேலிச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு பழைய வீட்டுத் தொழுவத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மார்க் 2 அல்லது மார்க் 3 நிற்கும். பாடி நன்றாகத்தான் இருக்கும். எஞ்சின் இறுகிப்போயிருக்கும், இல்லையென்றால் ஆயில் குடித்துப் புகை தள்ளி ஓரங்கட்டப்பட்டிருக்கும். "எஞ்சினை இனி யார் கட்டித் தருவா?" என்ற ஒரே கேள்வியில் அந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. போக வேண்டிய அவசியமே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 88.9 மி.மீ., கிராங்க் தண்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பிற்பாடு வந்த இசுசு எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் அளவுகள் வேறு. அவற்றுக்கு இதைப் பின்பற்றாதீர்கள். இந்த எஞ்சினில் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, மறைவான இடம் கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, பார்த்து, அளந்து, திரும்ப மாட்டலாம். பொறுமையுள்ள எவருக்கும் இது பிடிபடும்.

வேலை தொடங்கும் முன் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தூக்க, பிடிக்க, அமுக்க, இழுக்க உதவும் கருவிகளையெல்லாம் நாமே செய்துகொள்ளலாம். அளக்கும் கருவியை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். 0 முதல் 25, 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் இரண்டு மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ், நல்ல ஃபீலர் கேஜ், நேரான ஒரு ஸ்டீல் பட்டை. கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதியான மெயின் ஜர்னல் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. என்பதால் 50 முதல் 75 வரையிலான மைக்ரோமீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும். இதில் சிக்கனம் பார்த்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

இடமும் காலமும்

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் திறந்த கொட்டகையில் எஞ்சின் கட்டாதீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் இறங்கும் காற்று நம் ஊர்ப் புழுதியையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். திசையன்விளைப் பக்கம் தேரி மண் இன்னும் மோசம். நைசான அந்தச் சிவப்பு மணல் ஒரு சிட்டிகை பேரிங்குக்குள் போனாலும் எமரிப் பொடி செய்யும் வேலையைச் செய்துவிடும். அந்த மாதங்களில் பிரிக்கலாம், கழுவலாம், லேத் வேலைக்குக் கொடுத்து வாங்கலாம். கட்டும் வேலையை மூடிய அறைக்குள், தரையில் தண்ணீர் தெளித்த பிறகு செய்யுங்கள்.

துடைக்கக் காட்டன் வேஸ்ட் வேண்டாம்; நூல் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியை விட நல்லது எதுவும் இல்லை.

நாமே செய்யும் கருவிகள்

முதலில் தூக்குவது. வெறும் எஞ்சினே 150 கிலோவுக்கு மேல் இருக்கும். கியர் பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் இன்னும் கூடும். பழைய வீடுகளில் மேலே பனங்கை பலமாகத்தான் தெரியும். ஆனால் அது ஓட்டுக் கூரையைத் தாங்கப் போட்டது. நடுவில் ஒரே இடத்தில் எஞ்சினைத் தொங்கவிட அதை நம்ப வேண்டாம். நம் ஊரில் போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றுகிறவர்களிடம் மூன்று கால் பைப் ஸ்டாண்டும் ஒரு டன் செயின் பிளாக்கும் இருக்கும், வாடகைக்குக் கிடைக்கும். காலை ஊன்றும் இடத்தில் பலகை வைத்து, மூன்று கால்களையும் அடியில் கயிற்றால் இணைத்துவிட்டால் விரியாது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ ஒருபோதும் போகக் கூடாது.

அடுத்து எஞ்சின் ஸ்டாண்ட். ஒன்றுக்குள் ஒன்று லேசாகச் சுழலும் அளவில் இரண்டு கனமான பைப்புகள். உள்பைப்பின் முனையில் 10 மி.மீ. தகடு, அதிலிருந்து நான்கு கைகள். அந்தக் கைகளை பிளாக்கின் பின்பக்கத்தில் போல்ட் செய்ய வேண்டும். வெளிப்பைப்பில் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதன் வழியே போல்ட்டை இறுக்கினால் எந்தக் கோணத்திலும் எஞ்சின் நிற்கும். அடிச்சட்டத்துக்கு 50 மி.மீ. ஆங்கிள் போதும். முன்னால் ஒரு கால் நீளமாக வர வேண்டும், இல்லாவிட்டால் குப்புறக் கவிழும்.

வால்வு ஸ்பிரிங் அமுக்க ஒரு பெரிய ஜி-கிளாம்ப் வாங்குங்கள். ஸ்பிரிங் தொப்பியின் மேல் உட்காரும் அளவுக்கு ஒரு ஜிஐ பைப் துண்டை 40 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் இரண்டு ஜன்னல் போல அறுத்துவிட்டு, கிளாம்பின் நுனியில் வெல்டு வையுங்கள். அந்த ஜன்னல் வழியாகத்தான் வால்வு லாக்கை எடுக்கவும் வைக்கவும் முடியும்.

ரிங் கம்ப்ரஸர் இன்னும் எளிது. 15 கிலோ எண்ணெய் டின்னின் தகரத்தில் 75 மி.மீ. அகலம், 270 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். பிஸ்டனின் சுற்றளவு சுமார் 229 மி.மீ., மீதி ஒன்றன்மேல் ஒன்று ஏற. ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, மேலே இரண்டு ஹோஸ் கிளிப் போட்டால் கருவி தயார்.

முன்பக்க, பின்பக்க மெயின் பேரிங் கேப்கள் பிளாக்கில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் கேப்பும் போகும், பிளாக்கும் போகும். நேராக மேலே இழுக்க ஒரு ஸ்லைடு ஹேமர் செய்யுங்கள். 12 மி.மீ. கம்பி, அதில் ஓடுகிற மாதிரி நடுவில் துளையிட்ட இரண்டு கிலோ இரும்புத் துண்டு, ஒரு முனையில் தடுப்பு, மறுமுனையில் கேப்பில் உள்ள துளையின் மரைக்குப் பொருந்தும் மரை. லேத்தில் அரை மணி நேர வேலை.

டார்க் ரெஞ்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இறுக்கும் விசை என்பது எடையை நீளத்தால் பெருக்குவது, அவ்வளவுதான். பாக்ஸ் ஸ்பேனர் கைப்பிடியோடு ஒரு பைப்பைச் சேர்த்து, போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 50 செ.மீ. தூரத்தில் ஒரு துளை போடுங்கள். அதில் மீன் கடையில் பயன்படுத்தும் ஸ்பிரிங் தராசை மாட்டி, பைப்புக்கு நேர் செங்கோணத்தில் இழுக்க வேண்டும். மெயின் பேரிங்குக்கு 70 பவுண்டு-அடி என்றால் அது 9.7 கிலோ-மீட்டர், அரை மீட்டரில் தராசு 19.4 கிலோ காட்ட வேண்டும். கனெக்டிங் ராடுக்கு 35 பவுண்டு-அடி, தராசில் 9.7 கிலோ. ஹெட்டுக்கு உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதைப் போடுங்கள், பவுண்டு-அடியை 7.23 ஆல் வகுத்தால் கிலோ-மீட்டர் வந்துவிடும். தராசை நம்பும் முன் சோதித்துக்கொள்ளுங்கள்: 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ, அதோடு கேனின் எடை. சறுக்காமல் ஒரே சீராக இழுத்தால் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். டிஜிட்டல் தராசை விட முள் தராசுதான் இதற்கு வசதி. முள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பேனரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் உள்ளவை அங்குலக் கணக்கு போல்ட்டுகள். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் முதலில் திரும்பும், அப்புறம் மூலை மழுங்கும். ஏஎஃப் எனும் அங்குல ஸ்பேனர் செட் ஒன்று பழைய கருவிகள் விற்கும் கடையில் தேடி வாங்கிவிடுங்கள்.

பிரிக்கும் முன்

எஞ்சின் சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்த்து எழுதி வையுங்கள். நான்கில் ஒன்று குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம்.

இறுகிப்போன எஞ்சினை ஸ்டார்ட்டரால் அடித்துத் திருப்ப முயலாதீர்கள். பிளக் துளைகளில் டீசலும் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவில் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே, முன்னால் கைக்கம்பி போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும்.

போனில் படம் எடுப்பது நல்லதுதான், ஆனால் படத்தை மட்டும் நம்பாமல் நோட்டில் எழுதுங்கள். கல்யாண வீடுகளில் தரும் தாம்பூலப் பைகள் எல்லா வீட்டிலும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டையும் ஒவ்வொரு பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் ஆனாலும் குழப்பம் வராது.

பிரிப்பது

தண்ணீரை முழுதாக வடித்த பிறகுதான், ஹெட்டின் மேல் வால்வுகளை அமுக்கும் ராக்கரைத் தொட வேண்டும். ராக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை மட்டும் கழற்றலாம் என்று அவற்றைத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக வளையும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வெளியிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள்.

கேமின் மேட்டில் உட்காரும் டேப்பட்டுகளையும், அவற்றிலிருந்து ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளையும் எந்தத் துளையில் இருந்ததோ அதே வரிசையில் வைக்க வேண்டும். ஓர் அட்டையில் எட்டுத் துளை போட்டு எண் எழுதுங்கள். ஒவ்வொரு டேப்பட்டும் தன் கேம் மேட்டோடு சேர்ந்து தேய்ந்தது. இடம் மாறினால் இரண்டும் கெடும்.

முன்னால் புல்லி நட்டைத் தளர்த்த, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிவிட்டு கிராங்கின் கன்னத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் கிராங்க் சுற்றாது. டைமிங் செயினை எடுக்கும் முன் இரண்டு பல்சக்கரங்களில் உள்ள புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி கொண்டுவந்து குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் கியரை வெளியே எடுக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம்: 5/16 யூஎன்எஃப் மரையில் மூன்றரை அங்குல போல்ட் ஒன்றை அதன் தலையில் திருகி இழுத்தால் சுழன்றபடி மேலே வந்துவிடும். டேப்பட் மூடியின் போல்ட்டே இதற்குப் பொருந்தும்.

கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் இந்த எஞ்சினில் சாய்வாகப் பிளந்திருக்கும். அதனால்தான் பிஸ்டனோடு ராடை மேல்வழியாக எடுக்க முடிகிறது. எடுக்கும் முன் போரின் மேல்விளிம்பை விரலால் தடவுங்கள். ரிங் ஏறாத இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டால், அதைச் சுரண்டி எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளக் கூடாது. ரிங்கும் பிஸ்டன் பள்ளமும் உடையும். ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பஞ்ச் அடையாளம் போடுங்கள்.

பிஸ்டன் பின்னை ராடின் மேல்முனையில் ஒரு போல்ட்தான் கவ்விப் பிடிக்கிறது. பலர் ராடை வைஸில் பிடித்து அந்த போல்ட்டைத் திருகுகிறார்கள். ராடு முறுகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பின்னின் இரண்டு பக்கத் துளைகளிலும் பித்தளைக் குச்சிகளைச் செருகி, அந்தக் குச்சிகளை வைஸில் பிடித்துத் திருகுவதே சரி.

கழுவுவது

பாதியாக அறுத்த டிரம்மில் டீசல், ஒரு நைலான் பிரஷ், பொறுமை. காஸ்டிக் சோடா வார்ப்பிரும்பை நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் அலுமினியத்தைக் கரைத்துத் தின்றுவிடும். பிஸ்டனும் பேரிங்கும் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் நீங்களும் அதைத் தொடாதீர்கள்.

துரு ஏறிய இரும்புத் துண்டுகளுக்குச் சோடா மாவு கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். பாகத்தில் நெகட்டிவ், ஒரு பழைய இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். எவர்சில்வர் தகடு வைக்காதீர்கள், தண்ணீர் விஷமாகும். குமிழியாக வருவது ஹைட்ரஜன் என்பதால் வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள்.

ஆயில் போகும் துளைகள்தான் முக்கியம். பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள ஒவ்வொரு துளையிலும் சைக்கிள் ஸ்போக்ஸின் நுனியில் துணி சுற்றி உருவி, டீசல் பீய்ச்சி, மறுமுனையில் சுத்தமாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். காற்றுக்கு பஞ்சர் கடைக் கம்ப்ரஸரே போதும்.

தண்ணீர் ஜாக்கெட்டை நம் பக்கத்து வண்டிகளில் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். பக்கவாட்டில் இருக்கும் வெல்ச் பிளக் எனும் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்தால் உள்ளே வெள்ளைப் பாறை போல உப்புப் படிந்திருக்கும், குறிப்பாகப் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி. எஞ்சின் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டவர்கள் பலர். காரணம் இங்கேதான் இருந்திருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவராலும் வளைத்த கம்பியாலும் குத்தி உடைத்து முழுதாக வெளியே எடுங்கள். புது வெல்ச் பிளக்கை அதன் குழிக்குப் பொருந்தும் பாக்ஸை வைத்துச் சமமாக அடித்து இறக்கலாம்.

அளப்பதும், லேத்துக்குக் கொடுப்பதும்

போர் தேய்ந்திருக்கிறதா என்று தெரிய போர் கேஜ் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரு ரிங்கை மட்டும் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்குங்கள். மேலே, ரிங் ஓடும் உச்சியில் அதன் வாயிடைவெளியை (இரண்டு நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் அளக்கவும். பிறகு அடியில், தேயாத இடத்தில் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைத்துவிடும். வித்தியாசம் 0.63 மி.மீ. என்றால் தேய்மானம் 0.20 மி.மீ. அந்த அளவுக்கு வந்துவிட்டால் புது ரிங் போட்டு ஒப்பேற்றாதீர்கள், ரீபோர் செய்யுங்கள், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்குங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதை இந்த முறை காட்டாது. அதைப் போரிங் கடையில் கேஜ் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள்.

கிராங்க் ஜர்னலின் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் தடுக்கினால் கிரைண்டிங் நிச்சயம். தடுக்காவிட்டாலும் ஒவ்வொரு ஜர்னலையும் நான்கு திசையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ. நீள்வட்டம் இருந்தால் அதுவும் கிரைண்டிங்தான். பேரிங் 10, 20, 30, 40 என்று குறைசைஸில் வரும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் அந்த எண்ணால் சொல்கிறார்கள், ஒன்றுக்கு 0.0254 மி.மீ.

போர் அடிப்பதும் கிராங்க் கிரைண்டிங்கும் வீட்டில் செய்யும் வேலை இல்லை. திருநெல்வேலியில் பழக்கமுள்ள கைகள் இன்னும் இருக்கின்றன. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் படித்து வந்த டர்னர்கள் எத்தனையோ பேர். நல்ல கடையை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். பிளாக்கை மட்டும் கொண்டுபோய், "இருபது சைஸ் அடிச்சு வைங்க, பிஸ்டன் பிறகு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிப் பாருங்கள். சரியென்று வாங்கி வைத்தால் திரும்பி வந்துவிடுங்கள். "முதல்ல பிஸ்டனைக் கொண்டாங்க அண்ணாச்சி, அதை அளந்துட்டுதான் போர் அடிக்கணும்" என்று சொல்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதே போல, கிராங்க் கிரைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் அந்த சைஸ் பேரிங் கையில் இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு எல்லா சைஸும் எல்லா நேரமும் கிடைக்காது.

போர் தேயாமல் வெறும் கண்ணாடி போல வழுவழுத்திருந்தால், பிளந்த பிவிசி பைப்பில் 180 நம்பர் தண்ணீர்த் தாளைச் சுற்றி, டீசல் தொட்டு, சுழற்றியபடியே மேலும் கீழும் இழுங்கள். குறுக்கும் நெடுக்குமாக 45 டிகிரியில் கோடு விழ வேண்டும். அந்தக் கோட்டில்தான் ஆயில் நிற்கும். முடிந்ததும் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு, வெள்ளைத் துணியில் கறை வராத வரை தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். டீசலில் கழுவினால் போதாது. கோட்டுக்குள் நிற்கும் எமரித் துகள் சோப்பு நுரைக்குத்தான் வெளியே வரும்.

ஹெட் வேலை

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி வால்வு உரசுவது. ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, சீட்டில் பேஸ்ட் தடவி, மோர் கடைவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று மணலை அரைக்கும் சத்தம் வரும். நான்கைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். போகப்போகச் சத்தம் இளகி, கடைசியில் வெறும் உரசலாகிவிடும். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் பளபளப்பு இல்லாத சாம்பல் நிற வளையம் ஒன்று, எங்கும் அறுபடாமல் சுமார் 1.5 மி.மீ. அகலத்தில் ஓடும். ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி விட்டிருந்தால் இன்னும் உரச வேண்டும். முதலில் முரட்டுப் பேஸ்ட், அப்புறம் நைஸ் பேஸ்ட். அவசரப்படாதீர்கள், எஞ்சினின் இழுவை இந்த வளையத்தில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் மாட்டியதும் ஹெட்டைக் கவிழ்த்து, கம்பஷன் குழியில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிஷம் பாருங்கள். போர்ட்டில் ஈரம் கசியக் கூடாது. வால்வை கைடில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது தளதளவென்று ஆடினால் கைடை மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை விட்டு அடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் சீட்டுகள் உள்வாங்கியிருந்தால் கடினமான சீட் வளையங்களை லேத்தில் இறக்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் இப்போது எத்தனால் வருவதால் பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் அதைத் தாங்கும் ரகமாக வாங்குவது நல்லது.

ஹெட்டின் அடிமுகத்தில் ஸ்டீல் பட்டையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்து, 0.08 மி.மீ. ஃபீலர் எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங்.

கட்டுவது

பேரிங் ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும். முகத்தில் மட்டும் ஆயில். கிராங்கை இறக்கி, நடு மெயினின் இரண்டு பக்கமும் த்ரஸ்ட் வாஷரைப் போடுங்கள், பள்ளமுள்ள முகம் கிராங்கைப் பார்த்து. கேப்களை இறுக்கியபின் கிராங்கை ஒரு விரலால் சுழற்ற வர வேண்டும். ஒவ்வொரு கேப்பை இறுக்கும்போதும் சுற்றிப் பார்த்தால், எது பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். டயல் கேஜை முனையில் வைத்து கிராங்கை முன்னும் பின்னும் நெம்பினால் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை இருக்கலாம். பேரிங் இடைவெளிக்கு, நசுங்கும் அகலத்தை வைத்து அளவு காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வாங்கி வைத்துப் பாருங்கள், 0.025க்கும் 0.05க்கும் நடுவில் வந்தால் நிம்மதி. இந்தச் சோதனையை ஆயில் இல்லாமல், கிராங்கைச் சுற்றாமல் செய்ய வேண்டும்.

ரிங்கை பிஸ்டனில் ஏற்றும் முன் அதனதன் சிலிண்டரில் விட்டு வாயிடைவெளி பாருங்கள். 0.20 முதல் 0.33 மி.மீ. குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே பக்கமாக அராவலாம். வாய் முட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் உடைந்து போரைக் கிழித்துவிடும். 'டாப்' என்று எழுதிய முகம் மேலே. வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் சுற்றிலும் பிரித்து வைத்து, தகரப் பட்டையைப் போட்டு இறுக்கி, பிஸ்டனின் முன்பக்க அடையாளத்தைப் பார்த்து, சுத்தியல் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் உள்ளே போய்விடும். ஓரிடத்தில் சட்டென்று நின்றால் தட்டாதீர்கள். ரிங் ஒன்று வெளியே பிதுங்கியிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

கேமுக்கும் டேப்பட்டின் அடிமுகத்துக்கும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் தாராளமாக. டைமிங் புள்ளிகளைச் சேர்த்து, செயின் புதிதாகப் போடுங்கள். ஆயில் பம்பின் மூடி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் கண்ணாடியின் மேல் தண்ணீர்த் தாளை வைத்துத் தேய்த்து மட்டமாக்கலாம்.

பின்பக்க மெயினில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் ஏற்பாடுதான். ஆகவே கொஞ்சம் ஆயில் சொட்டும். அதை நிறுத்த சிலிகானை அள்ளிப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டு ஆயில் சல்லடையை அடைக்கும். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைக்காமல் இருந்தாலே ஒழுகல் பாதி குறையும்.

ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று கட்டமாக இறுக்குங்கள். வால்வு இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ.; சூட்டிலா குளிர்ந்தா என்பதற்குக் கையேடு. சரிசெய்ய ஒன்பதுக் கணக்கு இருக்கிறது: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது முதல் வால்வு, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது, இப்படி இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

கிளட்ச் பிளேட்டை மையப்படுத்த விளக்குமாற்றுக் கட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும்.

முதல் ஸ்டார்ட்

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பத்து பத்து வினாடியாக, இடையில் ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுத்து. முள் ஏறாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் நம் வெயிலுக்குச் சரி. துத்தநாகம் கூடுதலாக உள்ள ரகம் கேமைக் காக்கும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் மறுபடி வேண்டாம். கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள், அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர்.

புது கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால் பிடித்த உடனே 2000 சுற்றுக்குக் கொண்டுபோய் 20 நிமிஷம் வைத்திருங்கள். ஐடிலில் விட்டால் கேமுக்கு ஆயில் போதாது. அந்த நேரத்தில் ஒருவர் பிரஷரையும் சூட்டையும் பார்க்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒழுகலைத் தேட வேண்டும். பிரஷர் திடீரென்று இறங்கினாலும், அடியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டாலும் உடனே நிறுத்துங்கள்.

ஆறியதும் ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள்.

முதல் 500 கி.மீ.க்கு நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் போகும் சமதளச் சாலை நல்லது. ஆனால் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாமல், 40க்கும் 65க்கும் நடுவில் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரில் உட்காரும். பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறும் மலைப்பாதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 500 முடிந்ததும் ஆயிலைச் சூட்டோடு வடித்து, ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தால் கிளறிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சாக ஒட்டினால் இயல்பு. கண்ணுக்குத் தெரியும் துண்டோ, காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கமோ இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் மறுபடி கம்ப்ரஷன் எடுத்து, பிரிக்கும் முன் எழுதிய அளவுக்குப் பக்கத்திலேயே தேதியோடு எழுதி வைத்துவிட்டு, அடுத்த ஆயிலை 3000 கி.மீ.யில் மாற்றுங்கள்.